15 ஜிபி நிறைந்துவிட்டது: அழிப்பதா, பணம் கட்டுவதா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் ஜிமெயில் கணக்கில் 15 ஜிபி நிறைந்துவிட்டது என்று இரண்டு மாதமாகக் காட்டுகிறது. இப்போது மெயிலே வருவதில்லை. மகளின் கல்லூரியிலிருந்து அனுப்பிய கட்டண ரசீது திரும்பிப் போய்விட்டதாம். இந்த ஒரே கணக்கைத்தான் என் போன், கணவர் போன், மகள் போன் மூன்றிலும் போட்டிருக்கிறோம். 2018 முதல் எடுத்த குடும்பப் படங்கள், ஆதார், பட்டா, மகளின் மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மாதாமாதம் பணம் கட்டிவிடலாம் என்கிறாள் மகள். பக்கத்து பிரவுசிங் சென்டர்காரர், 300 ரூபாய் கொடுத்தால் புதுக் கணக்கு திறந்து எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்கிறார். படங்கள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இலவசக் கணக்கையே நம்பி இருப்பது சரியா?

பதில்: படங்கள் நாளைக்கே போய்விடாது. இடம் நிறைந்த நிலையிலேயே கணக்கு இரண்டு ஆண்டுகள் கிடந்தால்தான் உள்ளே இருப்பதை கூகுள் நீக்கலாம் என்பது விதி. அதற்கு முன்னறிவிப்பும் வரும். இப்போது நின்றிருப்பவை மெயில் போக்குவரத்தும் புதுப் படங்களின் பேக்கப்பும்தான். இரண்டையும் காசு செலவில்லாமல் ஒரு வாரத்தில் சரிசெய்யலாம். அதுவரை 300 ரூபாயையும் கொடுக்க வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். முக்கியமாக, பதற்றத்தில் பழைய படங்களில் கைவைக்க வேண்டாம்.

பழைய படங்களை ஏன் தொடக்கூடாது என்றால், அவற்றை அழித்தாலும் இடம் கிடைக்காமல் போகலாம். 2021 மே 31 வரை 'ஹை குவாலிட்டி' என்ற தரத்தில் கூகுள் போட்டோஸில் ஏறிய படங்கள் 15 ஜிபி கணக்கில் சேரவே சேராது. 2021 ஜூன் 1 முதல் ஏறியவைதான் கணக்கில் வருகின்றன. இடம் வேண்டும் என்றதும் பெரும்பாலோர் பழசிலிருந்துதான் அழிக்கத் தொடங்குகிறார்கள். மகளின் சின்ன வயசுப் படங்கள் நூற்றுக்கணக்கில் போயிருக்கும், அளவுமானி நகர்ந்திருக்காது. அதனால் 2018 முதல் 2021 நடுப்பகுதி வரையிலான படங்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

இந்த 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவான ஒரே தொட்டி. 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதே தொட்டியில்தான் விழுகிறது. அதற்கு முன்பு அது கணக்கில் வராமல் இருந்தது. பல வீடுகளில் வருடக்கணக்காக நிறையாத கணக்கு திடீரென்று நிறைந்ததற்குக் காரணம் இந்த மாற்றம்தான். உங்கள் கணக்கில் மூன்று போன்களின் வாட்ஸ்அப் சேர்ந்து விழுகிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் போன் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பட்டன்களின் பெயர்களைச் சொல்கிறேன். ஜிமெயிலைத் திறந்து மேலே வலது மூலையில் உள்ள உங்கள் வட்டப் படத்தைத் தொட்டால், எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும். அதைத் தொட்டால் ஜிமெயில் எவ்வளவு, டிரைவ் எவ்வளவு, போட்டோஸ் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். அந்த எண்களை ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த வேலை எவ்வளவு இடத்தை மீட்டது என்று அப்போதுதான் தெரியும்.

முதல் வேலை, மூச்சுவிடக் கொஞ்சம் இடம் உண்டாக்குவது. ஜிமெயிலிலும் டிரைவிலும் அழித்தவை குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஜிமெயிலில் ட்ராஷ், ஸ்பேம் இரண்டையும் காலி செய்யுங்கள். டிரைவில் உள்ள குப்பையையும் காலி செய்யுங்கள். அடுத்து பெரிய இணைப்புகள். இதைக் கம்ப்யூட்டரில் செய்வது சுலபம்: ஜிமெயிலின் தேடல் பெட்டி ஓரத்தில் உள்ள சின்ன அடையாளத்தைத் தொட்டால் ஒரு படிவம் விரியும். அதில் 'சைஸ்' என்ற இடத்தில் 'கிரேட்டர் தேன்' என்று வைத்து 10 எம்பி என்று கொடுங்கள். 10 எம்பிக்கு மேலுள்ள மெயில்கள் மட்டும் வரிசையாக வரும். வேண்டியதைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டு, மறுபடி ட்ராஷைக் காலி செய்யுங்கள்.

விளம்பர மெயில்களை உட்கார்ந்து அழிக்க வேண்டாம். இணைப்பு இல்லாத ஒரு விளம்பர மெயில் சுமார் 75 கேபி என்று வைத்துக்கொண்டால் ஐயாயிரம் மெயிலை அழித்தாலும் கிடைப்பது 375 எம்பி. போனில் 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோவே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ஒரு நாள் உழைப்பு ஒரு நிமிட வீடியோவுக்குச் சமம் என்றால் எதை முதலில் தேட வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இடம் கொஞ்சம் கிடைத்ததும் வாட்ஸ்அப்புக்கு வாருங்கள். முழுதாக நிறைந்த கணக்கில் புது பேக்கப் ஏறாமல் நின்றுவிடும் என்பதால்தான் இதை இரண்டாவதாக வைத்தேன். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போங்கள். கடைசி பேக்கப்பின் தேதியும் அளவும் அங்கே இருக்கும். 'இன்க்ளூட் வீடியோஸ்' என்பது இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும், 5 எம்பிக்கு மேலுள்ளவை தனியாகவும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஃபார்வர்டு ஆனவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். பெரியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து அழியுங்கள், ஏனென்றால் கல்யாண வீடியோவும் அதற்குள்தான் இருக்கும். முடித்துவிட்டு சாட் பேக்கப்புக்குத் திரும்பி 'பேக் அப்' பட்டனை ஒருமுறை அழுத்த வேண்டும். இதை மறந்தால் போனில் இடம் கிடைக்கும், கூகுள் கணக்கில் பழைய பெரிய பேக்கப் அப்படியே இருக்கும்.

இதே வாட்ஸ்அப் வீடியோ இன்னொரு வழியாகவும் இடத்தைப் பிடிக்கிறது. கூகுள் போட்டோஸில் உங்கள் வட்டப் படம், போட்டோஸ் செட்டிங்ஸ், பேக்கப், 'பேக் அப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்று போய்ப் பாருங்கள். 'வாட்ஸ்அப் வீடியோ', 'வாட்ஸ்அப் இமேஜஸ்' என்ற ஃபோல்டர்கள் இயக்கத்தில் இருந்தால், ஒரே காலை வணக்க வீடியோ வாட்ஸ்அப் பேக்கப்பில் ஒரு தடவையும் போட்டோஸில் ஒரு தடவையும் உட்கார்ந்திருக்கும். மூன்று பேரும் ஒரே குடும்பக் குழுவில் இருந்தால் மூன்று போன்களிலிருந்தும் அது ஏறுகிறது. இந்த ஃபோல்டர்களை மூன்று போன்களிலும் அணைத்துவிடுங்கள். அணைத்தால் இனிமேல் ஏறாது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஏறியவை தானாக இறங்காது. அவற்றைத் தேடி அழிக்க வேண்டும். போட்டோஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்ற பகுதி பெரிய வீடியோக்கள், ஸ்கிரீன்ஷாட்கள், மங்கலான படங்கள் என்று பிரித்துத் தரும். பெரிய வீடியோக்களில் தொடங்குங்கள்.

போட்டோஸில் அழிக்கும்போது ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். பேக்கப் ஆன ஒரு படத்தை அந்த ஆப்பில் அழித்தால் அது போனிலிருந்தும் போகும், கணக்கிலிருந்தும் போகும். 'போனில் அழிக்கிறேன், கூகுளில் இருக்கும்' என்று நினைத்து மொத்தமாக இழந்தவர்கள் நிறையப் பேர். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற தனி வழி இருக்கிறது. அது பத்திரமாக ஏறிய படங்களை மட்டும் போனிலிருந்து எடுக்கும். தவறுதலாக அழித்துவிட்டாலும், பேக்கப் ஆன படம் குப்பையில் 60 நாள் இருக்கும், மீட்டுக்கொள்ளலாம். அதனால் போட்டோஸ் குப்பையை மட்டும் உடனே காலி செய்யாமல், ஒரு வாரம் ஆறப்போட்டு, மூன்று பேரும் ஒருமுறை பார்த்த பிறகு காலி செய்யுங்கள்.

இனி ஏறும் படங்களுக்கு பேக்கப் தரத்தை 'ஸ்டோரேஜ் சேவர்' என்று மாற்றுங்கள். 16 மெகாபிக்சலுக்கு மேலுள்ள படங்கள் அந்த அளவுக்கு இறங்கும், வீடியோக்கள் 1080பி தரத்துக்கு இறங்கும். வீட்டில் பார்க்கவும் ஆல்பம் போடவும் அது தாராளம். ஏற்கெனவே பெரிய அளவில் ஏறியவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டோஸ் செட்டிங்ஸுக்குப் போய் 'ரெக்கவர் ஸ்டோரேஜ்' மூலம் இதே தரத்துக்கு இறக்கலாம். ஆனால் அது திரும்ப ஏறாத படி. அதனால் அதற்கு முன் ஒரு நகல் எடுத்துவிட வேண்டும்.

நகல் எடுக்க கூகுள் டேக்அவுட் என்ற இலவச வசதி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் எல்லாத் தேர்வுகளையும் நீக்கிவிட்டு 'கூகுள் போட்டோஸ்' ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எங்கே தரவேண்டும் என்று கேட்கும் இடத்தில் 'ஆட் டு டிரைவ்' என்பதைத் தொடாதீர்கள். நிறைந்த கணக்குக்குள்ளேயே நகலைக் கொட்டினால் வேலை பாதியில் நின்றுவிடும். டவுன்லோட் லிங்க் என்பதையே வையுங்கள். மெயில் இன்னும் வராத நிலையில் அந்த லிங்க் உங்களுக்கு வந்து சேராது; அப்போது டேக்அவுட் பக்கத்தையே மறுநாள் திறந்தால் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். தயாரான பின் அது ஏழு நாள் அளவுக்குத்தான் இருக்கும்.

கோப்பின் அளவை 2 ஜிபி என்றே வையுங்கள். கடையில் வாங்கும் பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற முறையில் இருக்கும். 4 ஜிபிக்கு மேலுள்ள ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. 10 ஜிபி என்று வைத்து இறக்கிவிட்டு, 'டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஆனாலும் ஏறவில்லை' என்று திகைப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். இறக்கிய ஜிப் கோப்புகளை விரித்தால் ஆண்டுவாரியாக ஃபோல்டர்கள் இருக்கும். அந்த ஃபோல்டர்களைக் கலைத்து எல்லாப் படங்களையும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்குள் எடுத்த தேதி பதிவாகியிருக்காது. எந்த ஆண்டின் படம் என்று பார்த்ததும் சொல்வது ஆண்டு ஃபோல்டர்தான். படங்களோடு ஜேசன் (.json) என்று முடியும் சின்னக் கோப்புகளும் வரும். தேதி விவரம் அவற்றிலும் இருக்கிறது, குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

பத்துப் பதினைந்து ஜிபியை நாளுக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் போன் டேட்டாவில் இறக்க முடியாது. ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும். பிரவுசிங் சென்டரில் வைத்து இதைச் செய்ய வேண்டாம். அத்தனை குடும்பப் படங்களும் அந்தக் கம்ப்யூட்டரில் இறங்கி நிற்கும். நகலை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், இன்னொன்றைப் பென் டிரைவில் வைத்து வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது செருகி, நாலு படம் திறக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வேலைகள் முடிந்தால் இடப் பிரச்சினை தீரும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இடம் இல்லை. ஒரே கணக்கு மூன்று போன்களில் இருப்பதுதான். மகள் தன் போனில் ஒரு படத்தை அழித்தால் உங்களுக்கும் அது போகிறது. மூன்று பேரின் தொடர்பு எண்களும் கலந்து கிடக்கின்றன. புதிதாக யாராவது உங்கள் கணக்குக்குள் நுழைய முயன்றால் 'நீங்கள்தானா?' என்று மூன்று போனிலும் கேட்கலாம். அவசரத்தில் யாராவது ஒருவர் 'எஸ்' என்று தொட்டுவிட்டால் கதவு திறந்துவிடும். வங்கி, கல்லூரி, ஆதார் எல்லாம் அந்த ஒரு முகவரியில்தான் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

மூன்று பேருக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால் இலவச இடமே 45 ஜிபி ஆகிறது. இதற்கு யாருக்கும் 300 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. மகள் தன் போனில், தன் மொபைல் எண்ணைக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் தன் கணக்கைத் திறந்துகொள்ளலாம். சென்டர்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் கம்ப்யூட்டரில் அவர் போடும் பாஸ்வேர்டோடு கணக்கு திறந்தால் சாவி அவரிடமும் இருக்கிறது. அதுவும் போக, வங்கியும் கல்லூரியும் பழைய முகவரிக்குத்தான் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும். உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இருவரும் வெளியே போகட்டும்.

மகள் போனைப் பிரிக்கும்போது வரிசை மாறக்கூடாது. புதுக் கணக்கைப் போனில் சேர்த்ததும், கான்டாக்ட்ஸ் ஆப்பில் 'எக்ஸ்போர்ட் டு ஃபைல்' கொடுத்து எல்லா எண்களையும் ஒரு கோப்பாக எடுத்து, அதைப் புதுக் கணக்கில் 'இம்போர்ட்' செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் உங்கள் கணக்கை நீக்கினால் எண்கள் எல்லாம் மாயமாகும்; பதறிப்போய் மறுபடி பழைய கணக்கையே போட்டுக்கொள்வார்கள். இரண்டாவது, வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப்புக்குள் 'கூகுள் அக்கவுன்ட்' என்ற இடத்தில் மகளின் கணக்கைத் தேர்ந்தெடுத்து ஒரு பேக்கப் எடுக்க வேண்டும். மூன்றாவது, போட்டோஸில் பேக்கப் கணக்கை மாற்றி, போனில் உள்ள படங்கள் எல்லாம் புதுக் கணக்கில் ஏறி முடியும்வரை காத்திருக்க வேண்டும். சார்ஜரில் போட்டு வைஃபையில் இரவு முழுக்க விடுவது நல்லது. நான்காவதாகத்தான் போன் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் கணக்கை நீக்க வேண்டும்.

அதன் பிறகு, உங்கள் போனிலிருந்து உங்கள் கணக்கில் கிடக்கும் மகளின் படங்களை அழிக்கலாம். மகள் போனிலிருந்து உங்கள் கணக்கை நீக்கும் முன்பே இதைச் செய்தால் அவள் போனில் உள்ள படங்களும் சேர்ந்து போகும் ஆபத்து உண்டு. மகள் எப்போதோ 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' போட்டிருந்தால் சில படங்கள் உங்கள் கணக்கில் மட்டும்தான் இருக்கும். அழிக்கும் முன் டேக்அவுட் நகலில் அவை இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவ் ஆப்பின் மெனுவில் 'பேக்கப்ஸ்' என்று இருக்கும். அங்கே மகள், கணவர் எண்களின் பழைய வாட்ஸ்அப் பேக்கப்புகளும், இப்போது இல்லாத பழைய போன்களின் பேக்கப்புகளும் பெயரோடு கிடக்கும். எண்ணைச் சரிபார்த்து அழியுங்கள். போனில் இருக்கும் உரையாடல்களுக்கு ஒன்றும் ஆகாது. கணவர் போனுக்கும் இதே வரிசைதான்.

குடும்பப் படங்களை எல்லோரும் பார்க்க வேண்டுமே என்பீர்கள். போட்டோஸில் 'ஷேர்ட் ஆல்பம்' ஒன்று திறந்து மூவரும் அதில் படம் போடலாம். போட்டவர் கணக்கில்தான் இடம் பிடிக்கும். பார்ப்பவர் 'சேவ்' செய்யாதவரை அவர் கணக்கில் சேராது.

ஆதார், மார்க் ஷீட் ஸ்கேன்களுக்கு டிரைவைவிட நல்ல இடம் டிஜிலாக்கர். 2015 முதல் மத்திய அரசு நடத்தும் இலவசச் சேவை அது. ஆதாரோடு இணைந்த மொபைல் எண் கையில் இருந்தால் ஓடிபி மூலம் திறந்துவிடலாம். அதில் 'இஷ்யூட்' என்று வரும் ஆவணங்கள் துறையிடமிருந்தே நேராக வருபவை. சட்டப்படி அசலுக்கு இணையானவை. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று இவற்றை அந்த வழியில் எடுங்கள். நீங்களே ஸ்கேன் செய்து அதில் ஏற்றும் ஆவணத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. அது வெறும் நகல். இரண்டும் ஒரே ஆப்பில் இருப்பதால் பலர் ஸ்கேனைக் காட்டிவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று வாதாடுகிறார்கள். மார்க் ஷீட்டை எடுக்கும்போது ஆதாரில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் இனிஷியலில் வேறுபட்டால் சிக்கல் வரலாம். கல்லூரியிலேயே இருக்கும்போது அதைத் திருத்திவிடுவது மகளுக்குப் பின்னால் பெரிய அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பட்டாவைப் பொறுத்தவரை பழைய ஸ்கேன் பெரிய பொக்கிஷம் இல்லை. அலுவலகங்கள் கேட்பது நடப்புப் பட்டாவைத்தான். தமிழக அரசின் நில ஆவண இணையப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் அதை இலவசமாக எடுக்கலாம். அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் போதும். வில்லங்கச் சான்றையும் பதிவுத்துறையின் டிஎன்ரெஜினெட் தளத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்திட்ட நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம். கிரயப் பத்திரம் மட்டும் வேறு கதை. அதன் அசல் காகிதம் பீரோவில் இருக்க வேண்டும். எந்த ஆப்பும் அதற்கு ஈடாகாது.

பிரின்ட் எடுக்க ஆதார் கோப்பைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்தக் கோப்பு அவர் போனிலும், அவர் பேக்கப்பிலும் தங்கிவிடும். ஆதார் ஆணையத்தின் தளத்தில் இ-ஆதார் இறக்கும்போது 'மாஸ்க்டு ஆதார்' என்று கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் பிரதி கிடைக்கும். முழு எண் கண்டிப்பாகத் தேவைப்படாத இடங்களில் அதைக் கொடுங்கள். அந்தக் கோப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு.

இலவசக் கணக்கையே நம்பலாமா என்று கேட்டீர்கள். நம்பலாம், ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: கணக்கு பூட்டிக்கொண்டால் போன் செய்து பேச ஆள் கிடையாது. இலவச ஜிமெயில் கணக்குக்கு கூகுள் வாடிக்கையாளர் சேவை எண் என்று ஒன்றே இல்லை. தேடினால் கிடைக்கும் எண்கள் மோசடிக்காரர்களுடையவை. ஏதோ ஓர் ஆப்பைப் போடச் சொல்லி உங்கள் போன் திரையை அவர்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். 'இடம் நிறைந்துவிட்டது, இன்றே கட்டாவிட்டால் படங்கள் அழியும்' என்று லிங்க்கோடு வரும் மெசேஜ்களும் அப்படித்தான். இடத்தைப் பற்றி எதுவானாலும் ஜிமெயில் ஆப்புக்குள் போய் மட்டும் பாருங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

பேச ஆள் இல்லாததால் மாற்றுச் சாவியை நீங்களே செய்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற இரண்டு போன்களிலிருந்தும் கணக்கை நீக்கியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் 'ரெக்கவரி போன்' எது என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்ணாக இருந்தால் உடனே மாற்றுங்கள். கைவிட்ட எண் சில மாதங்களில் வேறு ஒருவருக்குப் போய்விடும், உங்கள் ஓடிபியும் அவருக்குத்தான் போகும். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 'பேக்கப் கோட்ஸ்' என்ற பத்து எண்களைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு முறைக்குத்தான். போன் தொலைந்த அன்று கணக்கைத் திறக்க உதவுவது அந்தத் தாள்தான். அதைப் படம் பிடித்து அதே போனில் வைத்தால் பயன் இல்லை.

கல்லூரி ரசீதைப் பற்றி: இடம் கிடைத்தாலும், திரும்பிப் போன மெயில்கள் தாமாக மறுபடி வராது. அனுப்பியவர்தான் திரும்ப அனுப்ப வேண்டும். கல்லூரியிடம் கேளுங்கள்; வங்கி, எல்ஐசி, மின்வாரியம் என்று இந்த இரண்டு மாதத்தில் வந்திருக்க வேண்டியவற்றை அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அளவுமானி குறைந்த அளவைக் காட்ட ஒரு நாள்கூட ஆகலாம். உடனே குறையவில்லையே என்று மேலும் மேலும் அழிக்காதீர்கள்.

மகள் சொல்லும் மாதச் சந்தா தவறு இல்லை, நேரம்தான் தவறு. சுத்தம் செய்து, கணக்குகளைப் பிரித்த பிறகும் உங்கள் சொந்தப் படங்களே 13, 14 ஜிபியில் நின்றால் கட்டுங்கள். 100 ஜிபி திட்டத்தை ஒருவர் கட்டினால் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேர் வரை அதைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொருவர் கணக்கும் தனியாகவே இருக்கும். முதலில் மாதத் திட்டமாக எடுங்கள், ஆண்டுத் திட்டம் பிறகு. கட்டியபின் 60 ஜிபி வரை நிரப்பிவிட்டு நிறுத்தினால், கட்டிய காலம் முடிந்ததும் மறுபடி மெயில் நின்றுவிடும் என்பதை மகளுக்கும் சொல்லி வையுங்கள். யுபிஐ ஆட்டோபேயில் போட்டால், நிறுத்த வேண்டிய இடம் பிளே ஸ்டோரில் 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'; ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது.